டிவிக்குக் கீழே ஒரு பெட்டி

வீட்டுக் கூடத்தில் டிவிக்குக் கீழே வைக்கிற கம்ப்யூட்டருக்கு என்னென்ன போடலாம் என்று யோசனை சொல்லி, பாகங்களை வாங்கி, ஒன்றாகச் சேர்த்துப் பூட்டி, கொண்டுபோய் வைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இதில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலை கால்வாசிதான் என்பது ஆரம்பித்தபோது எனக்குத் தெரியாது.

உங்களில் பல பேர் இதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்திருப்பீர்கள். அத்தை வீட்டில் புது டிவி வந்திருக்கும். நீதான் கம்ப்யூட்டர் படித்தவளாயிற்றே, என்ன வாங்கலாம் சொல்லு என்பார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அன்றிலிருந்து அந்த டிவியில் படம் நின்றாலும், சத்தம் குறைந்தாலும், பக்கத்து வீட்டில் கரண்ட் போனாலும் போன் உங்களுக்குத்தான் வரும். இப்படி ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் நான் அலுத்துக்கொள்கிறேன் என்று நினைப்பார்கள். அதுவும் உண்மைதான்.

கடை தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில், ஜாக்கெட் துணிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நானும் ஜாஃபர் பாயும் பார்ட்னர்கள். எந்தப் பாகம் வாங்குவது என்று முடிவு செய்வதும் பெட்டியைப் பூட்டுவதும் நான். கேபிள் இழுப்பது, ஸ்பீக்கர் மாட்டுவது, சுவரில் ஓட்டை போடுவதெல்லாம் பாய். திருவல்லிக்கேணிக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். வீட்டில் உருது பேசுவார், வெளியில் மெட்ராஸ் தமிழ். வாடிக்கையாளர் கோபமாக இருந்தால் மட்டும் திடீரென்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமான தமிழுக்கு மாறிவிடுவார்.

சத்தம் வரக் கூடாது

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு ஃப்ளாட். ரிட்டயரான ஆடிட்டர். அவர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கச்சேரி ரெக்கார்டிங்குகளை எல்லாம் ஒரே இடத்தில் போட்டு, மத்தியானம் சாப்பிட்டபின் நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியிலிருந்து சத்தமே வரக் கூடாது. தம்புராவுக்கு நடுவில் ஃபேன் இரைச்சல் கேட்டால் அவருக்கு உயிர் போய்விடுமாம். நியாயமான ஆசைதான். அதிகம் சூடாகாத ப்ராசஸராகப் பார்த்தேன். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றிக் கத்தும் என்பதால் பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்ற விட்டேன். சுழலும் ஹார்ட் டிஸ்க் எதுவும் கூடத்திலேயே வேண்டாம் என்று, பாட்டெல்லாம் இருக்கிற டிஸ்க்கை உள் அறைப் பரணில் வைத்து வயர் இழுத்தோம். பாய் அந்தப் பரணில் ஏறி இறங்கியதில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

ஒரு வாரத்தில் போன் வந்தது. சத்தம் வருகிறது என்றார். போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன், ஒன்றும் இல்லை. விட்டு விட்டு வரும் என்றார். ஃபேனை மாற்றினேன். மறுபடி போன். ஃபேனையே எடுத்துவிட்டு, உடம்பெல்லாம் வரிவரியாக இருக்கிற, தானாகவே சூட்டை வெளியே விடும் கேபினட் போட்டேன். மறுபடியும் போன். இந்தத் தடவை போனதும் பெட்டியின் ப்ளக்கையே பிடுங்கிவிட்டு எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மெல்லிசாக ஒரு ரீங்காரம் கிளம்பியது. பாய் அது வந்த திசையில் மெதுவாக நடந்து சமையலறைக்குள் போய், அங்கே இருந்த ஃப்ரிட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ஆடிட்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்று, ஒரு ராகத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி வெகுநேரம் கேட்டார். மூன்று தடவை அலைந்ததற்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு அப்படி எதிர்பார்த்திருக்கக் கூடாது. அவர் நிமிர்ந்து சொன்னார்: "இது இத்தனை வருஷமா எங்காத்துலதான் இருக்கு, எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. உங்க பொட்டி வந்தப்பறம்தானே கேக்கறது, அதனால இதையும் நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுங்கோ."

இன்ஜினியர் யார்

தி.நகரிலேயே ஒரு பெரிய குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒருவராக இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் எங்களை உட்கார வைத்து, என்ன வாங்கலாம் என்று கேட்டார். அவர்கள் டிவி எந்த மாதிரி, அதற்கு ஏற்றபடி எந்த ப்ராசஸர் போதும், தனியாக கிராஃபிக்ஸ் கார்டு ஏன் தேவையில்லை, எல்லா மாடிக்கும் ஒரே இடத்திலிருந்து படம் போக என்ன செய்யலாம் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் ஜாஃபர் பாயின் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். நான் முடித்ததும் பாயிடம், நீங்க என்ன சொல்றீங்க என்றார். பாய் என்னிடம் திரும்பி, என்னமா சொல்லலாம் என்று கேட்டார். நான் மறுபடி சொன்னேன். அதை வார்த்தை மாறாமல் பாய் அவரிடம் சொன்னார். அவர் பிரமாதம் என்று தலையாட்டினார்.

அந்த வீட்டு வேலை முழுவதும் இப்படியே நடந்தது. மூன்று பேரும் தமிழ்தான் பேசினோம், ஆனாலும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். பாய்க்கு முதலில் சங்கடமாக இருந்தது, பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது. ஒரு கட்டத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, மேடம் சொல்ற மாதிரி பண்ணிடலாம் சார் என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்க ஆரம்பித்தார். எல்லா மாடியிலும் படம் ஓடியது. பெரியவருக்கு ரொம்ப சந்தோஷம். பாய்க்குக் கை கொடுத்தார். படியிறங்கும்போது என்னையும் மறக்காமல் கூப்பிட்டு அன்பாகச் சொன்னார்: "நீங்களும் கூடவே வந்துட்டுப் போயிட்டு இருங்கம்மா, பாய்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா தொழிலைக் கத்துக்கலாம்."

மூச்சு

அடையாறில் சித்ரா மேடம் வீட்டை அப்போதுதான் புதிதாகச் செய்து முடித்திருந்தார்கள். டிவி இருக்கிற சுவர் முழுவதும் மர வேலை. கம்ப்யூட்டர் கண்ணிலேயே படக் கூடாது, கதவு போட்ட அலமாரிக்குள் போய்விட வேண்டும் என்பது அவர் கட்டளை. பெட்டிக்குக் காற்று வேண்டும், பின்பக்கம் திறந்திருந்தால் நல்லது என்று நான் சொன்னேன். வீட்டை வடிவமைத்த பெண் என்னைப் பார்த்த பார்வையில், நான் சுவரில் சாணி தட்டச் சொன்னேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெட்டி உள்ளே போனது. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

சித்ரா மேடத்தின் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் முதல் முறையாக வீட்டுக்கு வந்த அன்று, எல்லாரும் உட்கார்ந்து படம் பார்க்கையில், நடுவில் சூடு தாங்காமல் பெட்டி தானாகவே அணைந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா, கரண்ட் போயிடுச்சா என்று கேட்டாராம். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததாம். அடுத்த நாள் சித்ரா மேடம் போனில் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம். கார்ப்பென்டரை வரவழைத்து அலமாரியின் பின்பக்கமும் அடியிலும் ஓட்டை போட்டோம், சூட்டை வெளியே தள்ள ஒரு குட்டி ஃபேனும் வைத்தோம். மேடம் ட்ரில் ஓடுகிற வரைக்கும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மாதிரி நின்றார். பிறகு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணமும் அந்த இடத்திலேயே நிச்சயமானது.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி அணைகிறது என்றார். போய்க் கதவைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. உள்ளே எல்லா ஓட்டைகளையும் மறைத்து, அளவெடுத்துத் தைத்த மெரூன் வெல்வெட் துணி ஒட்டியிருந்தது. பெட்டிக்கும் அதே வெல்வெட்டில் ஒரு உறை. இது பின்பக்கம் சுவரைப் பார்த்துத்தானே இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாதே மேடம் என்றேன். அவர் என்னை ரொம்பப் பொறுமையாகப் பார்த்தார். "வர்றவங்களுக்குத் தெரியாது மேடம், ஆனா அங்க ஓட்டை இருக்குன்னு எனக்குத் தெரியுதே."

நல்லா ஓடுது

திருவான்மியூரில் ஒரு வயதான தம்பதி. மகன் அமெரிக்காவில். அவர்களுக்குப் பெட்டி வேண்டும் என்று எங்களைக் கண்டுபிடித்ததும் மகன்தான், என்னென்ன போட வேண்டும் என்று முடிவு செய்ததும் அவன்தான். காலையில் ஒரு ப்ராசஸர் சொல்வான், அதை ஆர்டர் செய்யப் போனால் சாயங்காலம் அதைவிடப் பெரியதாக ஒன்று படித்துவிட்டு வருவான். விளையாட்டுப் பையன்கள் வாங்குகிற கிராஃபிக்ஸ் கார்டு, ஆயுசு முழுக்கப் பார்த்தாலும் தீராத அளவுக்குப் படம் கொள்ளுகிற ஸ்டோரேஜ் எல்லாம் அவன் பட்டியலில் இருந்தன. அப்பா அம்மா இரண்டு பேருக்கு டிவியின் பின்னால் செருகுகிற ஒரு சின்ன ஸ்டிக் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்களுக்குச் சுமாரானது போதும் என்று நீங்கள் எப்படி முடிவு செய்யலாம் என்று கேட்டான். அவன் பட்டியலை அப்படியே ஆர்டர் போட்டேன்.

பெட்டியை வைத்தோம். மகன் வீடியோ காலில் வந்து, வயர் இல்லாத கீபோர்டை எப்படிப் பிடிப்பது, எங்கே தடவினால் அம்பு நகரும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினார்கள். அதன்பிறகு அவன் எனக்கு அவ்வப்போது செய்தி அனுப்புவான்: சூப்பராக ஓடுகிறது என்கிறார்கள், ஆனாலும் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். போனேன். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, பழைய கேபிள் பெட்டியில். நாங்கள் வைத்ததன் ப்ளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் கொசு மருந்து செருகியிருந்தது. பெட்டி மட்டும் பளபளவென்று இருந்தது, அதன் மேல் ஒரு தூசி இல்லை.

ரிமோட்டில் ஒரே பட்டனை அழுத்தினால் போதும் என்று செய்து தருகிறேன் என்றேன். அந்தப் பெரியவர் வேண்டாம் என்று சிரித்தார். சரி, உண்மையை மகனிடம் சொல்லிவிட்டால் இதை விற்றாவது தொலைக்கலாம் என்று நினைத்துப் போனை எடுத்தேன். அந்த அம்மா காபி டம்ளரை என் கையில் வைத்து, கையை அப்படியே பிடித்துக்கொண்டார். "ஓடலன்னு சொல்லிடாதம்மா. சொன்னா அடுத்து வேற ஒண்ணு வாங்கி அனுப்புவான், வந்து பாக்கறேன்னு மட்டும் சொல்ல மாட்டான்."

இடித்த சுவர்

ஜெகன் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆற்றோரம் இருந்த அவர்கள் வீடுகளை எல்லாம் அரசாங்கத்தில் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு கொடுத்திருந்தார்கள். சவாரி என்னவோ இன்னும் தி.நகர்ப் பக்கம்தான். ஒரு நாள் சவாரியை இறக்கிவிட்டு மாடியேறி வந்து, துண்டில் சுற்றியிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார். அவர் சித்தப்பா பையன் பழைய இடத்தில் எடுத்த வீடியோக்கள் அதில் இருந்தன. ஆடி மாதம் கூழ் ஊற்றுவது, மஞ்சள் நீராட்டு, கேரம் போட்டி, யாரோ ஒருவரின் சாவுக்கு ஆடிய ஆட்டம். பாதி ஓடுகிறது, பாதி டிவியில் ஏறவே மாட்டேன் என்கிறது என்றார்.

டிஸ்க் உள்ளே டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. முதலில் எல்லாவற்றையும் பத்திரமாக வேறொன்றில் இறக்கினேன். எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கேட்டார். ஆபீஸ்களில் கழித்துப் போடுகிற, டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். படம் பார்ப்பதற்கு அதற்குமேல் யாருக்கும் எதுவும் தேவையில்லை, ஆனால் இதைச் சொன்னால் அடையாறில் யாரும் நம்ப மாட்டார்கள். ஜெகன் நம்பினார். அவர்கள் பக்கம் கரண்ட் ஏறி இறங்கும் என்பதால் ஒரு யூ.பி.எஸ். சேர்த்துக் கொடுத்தேன். மறுநாள் போன் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. ஒரே தடவையில் முடிந்த வேலை என்று பாயிடம் பெருமையாகச் சொன்னேன்.

அப்புறம் ஒரு நாள் ஜெகன் வந்து நின்றார். பெட்டி போய்விட்டதா என்றேன். அதெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை டிவியை நடைபாதையில் தூக்கி வைத்தால் ப்ளாக்கே உட்கார்ந்து பார்க்கிறது என்றார். கேரம் போட்டி வீடியோவில் பின்னால் தெரிகிற வீடுகளை மட்டும் மறைக்க முடியுமா என்று கேட்டார். ஏன் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சூப்பரா ஓடுதுக்கா. ஆனா அதப் பாத்துட்டு ரெண்டு வூட்டுக்கும் சண்ட வந்துகினே கீது, யார் வூட்டு செவுரு யார் பக்கம் தள்ளிக் கட்னாங்கன்னு. செவுரே இல்ல, அதுக்குப் போயி இன்னா சண்டக்கா?"

கேபிள்

வடபழனியில் ஒருவர் சினிமாவில் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர். இப்போது வீட்டில் இருக்கிறார். ஸ்பீக்கர்களை அவரே தேர்ந்தெடுத்தார், எங்கே வைப்பது என்று அவரே சாக்பீஸால் தரையில் குறி போட்டார். நானும் பாயும் கைகட்டி நின்று சொன்னதைச் செய்தோம். உண்மையாகவே அருமையாக இருந்தது. ஆனால் அன்றைக்கே ஒரு குறை சொன்னார். பாட்டும் அடிதடியும் நன்றாகக் கேட்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை.

இது எல்லா வீட்டிலும் வருகிற புகார்தான். வசனம் வருகிற நடு ஸ்பீக்கருக்குச் சத்தம் ஏற்றினோம். போதவில்லை. இன்னும் ஏற்றினோம். நான் ரிமோட்டை அவர் பின்னால் நின்று அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு காட்சியில் ஒரு பெண் மெல்லிய குரலில் பேசினாள், எனக்குத் தெளிவாகக் கேட்டது, பாய்க்கும் கேட்டது. அவர் மட்டும் முன்னால் குனிந்து, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாய்க்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார், நீங்கள் ஒரு தடவை காதை, என்று நான் ஆரம்பிப்பதற்குள் சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி வேண்டாம் என்று தலையை அசைத்தார். பாய் உடனே, கேபிள்ல லூஸ் கனெக்‌ஷன் இருக்கு சார் என்று சொல்லி டிவிக்குப் பின்னால் போய்விட்டார்.

நன்றாக இருந்த கேபிளை மாற்றினோம். சத்தத்தை இன்னும் ஏற்றி வைத்தோம். இப்போது பரவாயில்லை, இந்தக் காலத்துக் கேபிளே மட்டம் என்றார் அவர். லிஃப்ட் வரைக்கும் அந்த அம்மா கூடவே வந்தார். அடுத்த மாதமும் கூப்பிடுவார் என்றார். எத்தனை நாள் கேபிளையே சொல்வது என்று கேட்டேன். "கேபிள்னே சொல்லுங்க. டாக்டர் பேரை எடுத்தா ரெண்டு நாள் சாப்பிட மாட்டார், கேபிள்னா அடுத்த தடவைக்கு நீங்க வந்துடுவீங்கன்னு தைரியமா இருப்பார்."

ஆளுக்கு ஒன்று

பிரியாவும் கார்த்திக்கும் குழந்தை பிறந்த புதிதில் எங்களிடம் வந்தார்கள். அடையாறில் வாடகை வீடு. இரண்டு பேர் போனிலும் குழந்தை வீடியோவாக நிரம்பி வழிந்தது. எதுவும் தொலையக் கூடாது என்றார்கள். படம் பார்க்கிற பெட்டியோடு, இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றும் செய்து கொடுத்தேன். எதைச் சேமித்தாலும் இரண்டிலும் ஒரே மாதிரி எழுதிக்கொள்ளும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். இரண்டு பேர் போனும் வீட்டுக்குள் வந்ததும் தானாகவே அதில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். நல்ல வாடிக்கையாளர்கள். தொந்தரவே கிடையாது. தீபாவளிக்கு மட்டும் வாழ்த்து அனுப்புவார்கள்.

பல வருஷம் கழித்து ஒரே நாளில் இரண்டு பேரும் தனித்தனியாகப் போன் செய்தார்கள். பிரிந்துவிட்டார்கள். அவன் ஆதம்பாக்கத்தில் வீடு பார்த்திருக்கிறான், அவளும் மகளும் இங்கேயே இருப்பார்கள். சாமான்களைப் பிரித்தாகிவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி. இப்படி ஒரு வேலை எங்கள் தொழிலில் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை காலை, மகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், நானும் பாயும் போனோம். பாதி வீடு காலியாக இருந்தது. சோபா போன இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாக இருந்தார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார்கள்.

அவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவன் போனில் எடுத்ததெல்லாம் அவனுக்கு, அவள் போனில் எடுத்ததெல்லாம் அவளுக்கு. ஏற்கனவே தனித்தனி ஃபோல்டராக இருந்ததால் செய்வதற்குச் சுலபம். இரண்டு டிஸ்க் கொண்டுபோயிருந்தேன். காப்பி போட ஆரம்பித்து, சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக அவன் ஃபோல்டரில் ஒன்றைத் திறந்தேன். பெசன்ட் நகர் கடற்கரையில் பிரியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைக்கு ஓடுகிறாள். இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் பிரியாதான். அவள் ஃபோல்டரைத் திறந்தேன். கார்த்திக் குழந்தைக்கு மொட்டை போட்ட தலையில் சந்தனம் தடவுகிறான், கார்த்திக் குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கிறான். பின்னாலிருந்து அவள் சிரிப்பு மட்டும் கேட்கிறது. பாய் என் தோளுக்கு மேல் பார்த்துவிட்டு, நிறுத்துமா என்றார்.

நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டேன். இப்படிப் பிரித்தால் உங்களிடம் இருக்கிற வீடியோவில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அவர்தான் இருப்பார் என்று சொன்னேன். அவர்கள் அதை யோசித்திருக்கவில்லை. நம்பாமல், போட்டுக் காட்டச் சொன்னார்கள். டிவியில் போட்டேன். பிரியா குழந்தையின் இரண்டு கையையும் பிடித்து நடக்க வைக்கிறாள். இங்க வா, இங்க வா என்று கார்த்திக்கின் குரல். கையை விட்டதும் குழந்தை தத்தித் தத்திக் கேமராவை நோக்கி வந்து மோதுகிறது, படம் சாய்ந்து கூரையைக் காட்டுகிறது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். உட்கார நாற்காலி இருந்தும் யாரும் உட்காரவில்லை. கார்த்திக் பால்கனிக்குப் போய்விட்டான். பாயும் பின்னாலேயே போய் அவன் பக்கத்தில் சும்மா நின்றார்.

திரும்பி வந்ததும் கார்த்திக், அந்தப் பெட்டியில் இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றேதானே இருக்கிறது, அப்படியானால் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று என்னிடம் கேட்டான். எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் எல்லாமே இருக்கும். நான் பெட்டியைத் திறந்து ஒன்றை உருவிப் பிரியாவிடம் கொடுத்தேன். ஆனால் என் கடமை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொன்னேன். ஒற்றை டிஸ்க்கை நம்ப முடியாது, என்றைக்காவது ஒரு நாள் போய்விடும், அதனால் ஆளுக்கு இன்னொரு டிஸ்க் வாங்கி மறுபடியும் ஜோடியாகப் போட்டுக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டு வந்த இரண்டையுமே இதற்கு வைத்துக்கொள்ளலாம். எல்லா வீட்டிலும் சொல்கிற வசனம்தான். கார்த்திக் சரி, எனக்குப் போட்டுவிடுங்கள் என்றான். உங்களுக்கும் போட்டுவிடட்டுமா என்று பிரியாவைக் கேட்டேன். அவள் தன் டிஸ்க்கின் மேலிருந்த தூசியைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு எதுக்கு மேடம் இன்னொரு காப்பி? என்னோடது போயிடுச்சுன்னா அவர்கிட்ட ஒண்ணு இருக்குமே, கேட்டா குடுப்பார்."

இப்போதெல்லாம் எந்த ஹார்ட் டிஸ்க் நல்லது என்று யாராவது கேட்டால் போனிலேயே பெயரைச் சொல்லி வைத்துவிடத்தான் பார்க்கிறேன், ஆனால் அதற்குள் அவர்கள் எப்படியோ, சும்மா ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போங்களேன் என்று சொல்லிவிடுகிறார்கள், நானும் பாயும் கிளம்பிவிடுகிறோம்.